வசனம் பார்த்த வேலையைக் கேமரா வாங்கிக்கொள்ளும்போது

வேலூர், காட்பாடி பக்கத்துக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு செமஸ்டரில் ஷேக்ஸ்பியர் வந்தே தீருவார். தேர்வு நெருங்கும்போது நாடகத்தை வரி வரியாகப் படிக்கப் பொறுமை இருக்காது. போனில் படத்தைப் பார்த்துவிட்டுப் போய் எழுதுவது சுலபம். ஆனால் அதில் மாட்டிக்கொள்ளவும் வழி இருக்கிறது. பாஸ் லுர்மன் 1996-இல் எடுத்த ரோமியோ ஜூலியட்டைப் பார்த்துவிட்டு, "ஜூலியட் கண்விழித்து ரோமியோவின் கன்னத்தைத் தொட்டாள், பிறகு துப்பாக்கியால் சுட்டுக்கொண்டாள்" என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. நாடகத்தில் அவள் விழிக்கும்போது ரோமியோ செத்துக் கிடக்கிறான். அவள் எடுப்பது குத்துவாள்.

துப்பாக்கி எப்படி வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அவள் ஏன் கொஞ்சம் முன்னாடியே விழித்துக்கொண்டாள்? இயக்குநர் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார் என்று தோன்றும். அப்படியில்லை. கேமராவும் எடிட்டிங்கும் உள்ளே வந்ததுமே நாடகத்தின் பாரம் இடம் மாறிவிடுகிறது. எந்தப் பாரம் எங்கே போகிறது என்று பார்த்தால் இந்த மாதிரிப் படங்கள் பிடிபட்டுவிடும்.

லண்டனில் 1599-இல் கட்டிய குளோப் அரங்குக்கு நடுவில் கூரை கிடையாது. நாடகம் பட்டப்பகலில், மத்தியான வெயிலில் நடந்தது. பெரிய திரைச்சீலைக் காட்சிகள் இல்லை, விளக்கு வித்தை இல்லை, பெண் வேஷத்தைப் பையன்கள் கட்டினார்கள். ஒரு பென்னி கொடுத்தவர்கள் மேடையைச் சுற்றி நின்றுகொண்டே பார்த்தார்கள். ஹாம்லெட் அந்த வெயிலில்தான் நடுராத்திரியில் தொடங்குகிறது. முதல் காட்சியிலேயே ஒரு காவலாளி இன்னொருவனிடம், மணி பன்னிரண்டு அடித்துவிட்டது, போய்ப் படு என்கிறான். குளிர் தாங்கவில்லை என்று மற்றவன் சொல்கிறான். அவ்வளவுதான், ராத்திரி வந்துவிட்டது, குளிரும் வந்துவிட்டது. இரவு, இடம், வானிலை, முகத்தின் நிறம் எல்லாவற்றையும் வாயால் சொல்லியே நிறுத்த வேண்டிய மேடை அது. ஷேக்ஸ்பியர் வசனம் இவ்வளவு நீளமாக இருப்பதற்குக் கவித்துவம் ஒரு காரணம் என்றால், லைட் இல்லாதது இன்னொரு காரணம்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. பாரதக் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கூத்தாடும் களரியை ஒரு சுற்று சுற்றி வந்தால் அரண்மனை போய்க் காடு வந்துவிடும். கதையை நடத்திக்கொண்டு போகும் கோமாளியான கட்டியக்காரன் சொன்னால் அது அஸ்தினாபுரம், மறுபடி சொன்னால் அது விராட நகரம். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தபோது கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் இருக்கிற செய்யாறு பக்கம் திருவண்ணாமலையோடு போனது. கூத்து என்னவோ பிரியவில்லை, இன்னமும் இரண்டு பக்கமும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கிறது. தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது, அதுவும் போய் டியூப் லைட் வந்தது. ஆனாலும் நேரத்தையும் இடத்தையும் சொல்கிற வேலை இன்றுவரை பாட்டிலும் வசனத்திலும்தான் இருக்கிறது. ஷேக்ஸ்பியரைப் புரிந்துகொள்ள சினிமா பார்த்த பழக்கத்தைவிடக் கூத்து பார்த்த பழக்கம் நல்ல அடித்தளம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, இதைப் படமாக எடுத்தால் என்ன ஆகிறது? வசனம் பார்த்த வேலையை ஒவ்வொரு துறையும் பங்கு போட்டுக்கொள்கிறது. இருட்டு ஒளிப்பதிவாளரிடம் போகிறது, இடம் கலை இயக்குநரிடம், காலம் எடிட்டரிடம், மனசுக்குள் ஓடுவது நடிகரின் முகத்துக்கும் ஒலிக்கும். இவ்வளவும் கொடுத்த பிறகு வசனத்தையும் அப்படியே வைத்தால் ஒரே வேலையை இரண்டு பேர் பார்க்கிறார்கள்: இருட்டையும் காட்டி, இருட்டாக இருக்கிறது என்றும் சொல்வது. இயக்குநருக்கு இரண்டு வழிதான். வசனத்தைத் தூக்கி எறியலாம். அல்லது வசனத்தை வைத்துக்கொண்டு, அதற்குத் தெரியாத வேறு வேலையைக் கேமராவிடம் கொடுக்கலாம். லுர்மன் இரண்டாவது வழியில் போனவர்.

அவருடைய படம் மெக்சிகோவில் எடுக்கப்பட்டது. கதையில் ஊர் பெயர் வெரோனா பீச். பேச்சு மட்டும் 400 வருஷத்துக்கு முந்திய ஆங்கிலம். நிறைய வெட்டியிருக்கிறார்கள், ஆனால் மிச்சம் இருப்பது ஷேக்ஸ்பியரின் வரிகளேதான். முதல் காட்சியில் கறுப்புத் திரை நடுவே ஒரு பழைய சின்ன டிவி. அதில் செய்தி வாசிக்கிற பெண், நாடகத்தின் 14 வரி முன்னுரையைச் செய்தியாகவே வாசித்துவிடுகிறார். இரண்டு குடும்பப் பகை, இரண்டு காதலர், இரண்டு சாவு, எல்லாம் முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடுகிறது. உடனே அதே முன்னுரை மறுபடி வருகிறது. இந்தத் தடவை ஓர் ஆண் குரலில், ஹெலிகாப்டர், பத்திரிகைத் தலைப்பு, தீ, திரையில் பெரிய எழுத்து என்று தடதடவென வெட்டு வெட்டாக. ஒரே பதினாலு வரியை ஏன் இரண்டு தடவை? பழைய ஆங்கிலம் காதில் ஏற நேரம் எடுக்கும். முதல் தடவை காது பழகுகிறது, இரண்டாம் தடவை கண் உதவிக்கு வருகிறது. படம் பார்க்க வந்தவனுக்கு இது ஒரு பயிற்சி வகுப்பு, அது வகுப்பு என்று அவனுக்குத் தெரியாது. இன்றைக்குப் பார்த்தாலும் அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த கெட்டிக்காரத்தனம் இதுதான்.

அப்புறம் பாத்திரங்களை ஃப்ரீஸ் பண்ணி, பெயரையும் உறவையும் எழுத்தில் போட்டு அறிமுகப்படுத்துகிறார். இது பாட்டு வீடியோ சேனலான எம்டிவியின் பாணி என்று விமர்சகர்கள் சொன்னார்கள். கூத்தில் திரை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு வேறு ஒன்று தோன்றும். இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொள்ள, வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று சலங்கையை மட்டும் காட்டி, கிரீடத்தை மட்டும் காட்டி, பாடி, திரை விலகியதும் கட்டியக்காரன் யார் என்று கேட்க, இன்னார் மகன் இன்னார் என்று சொல்லி முடித்த பிறகுதான் கதைக்குள் அடி வைப்பார். கதை அந்த நேரம் நின்றுகொண்டுதான் இருக்கும். யாருக்கும் அது குறையாகப் படுவதில்லை. ஏகப்பட்ட பேர் வருகிற கதையில் ஆளை நிறுத்தி அடையாளம் காட்டத்தான் வேண்டும், லுர்மனும் அதையே செய்தார்.

பெட்ரோல் பங்க் சண்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நாடகத்தில் இது வேலைக்காரர்கள் தெருவில் வம்பிழுக்கிற காட்சி. பாதிக்குப் பாதி அந்தக் காலத்துச் சிலேடை, இப்போது யாருக்கும் சிரிப்பு வராது. படத்தில் வேலைக்காரர்கள் பளபளக்கிற கார்களில் வருகிற பையன்கள். ரோமியோவின் குடும்பமான மாண்டேக் பக்கம் பூப்போட்ட ஹவாய்ச் சட்டை, ஜூலியட்டின் காபுலட் பக்கம் கறுப்பு உடை, உலோகக் குதிகால் பூட்ஸ். வசனம் என்னவோ வாளை எடு என்றுதான் சொல்கிறது. கேமரா ஒரு துப்பாக்கிக்குக் கிட்டே போகிறது. அதன் மேல் கம்பெனிப் பெயராக "வாள்" என்று பொறித்திருக்கிறது. ஒரே குளோசப். காலம் மாறியதால் வந்த முரண்பாடு தீர்ந்தது, ஒரு சொல் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மிச்சத்தை எடிட்டர் ஜில் பில்காக் பார்த்துக்கொள்கிறார். கண் இமைக்கிற நேரத்துக்குள் ஷாட் மாறுகிறது: ஜூலியட்டின் உறவுக்காரன் டைபால்ட்டின் கண், பூட்ஸ், தீக்குச்சி, ஆடுகிற போர்டு. கேமரா ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆளுக்குச் சரேலென்று திரும்புகிறது. பழைய கௌபாய் படத்து இசை போல ஒன்று பின்னால் இழுக்கிறது. வசனம் புரியாவிட்டாலும் யாரோ சாகப்போகிறார்கள் என்று புரிந்துவிடுகிறது. சிலேடையில் இருந்த சூடு கட்டிங்குக்குப் போய்விட்டது. கேமரா இந்தக் காட்சியில் கொஞ்சம் அதிகமாகவே ஆடுகிறது, தலைவலிக்கிறது என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

இத்தனை இரைச்சலும் எதற்கு என்பது விருந்துக் காட்சியில் தெரியும். ரோமியோ போதை மாத்திரையின் கிறக்கம் போக முகம் கழுவ ஒதுங்குகிறான். பெரிய மீன் தொட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கண். ஜூலியட். விருந்தின் சத்தமெல்லாம் அடங்கிவிடுகிறது, ஒரு பாட்டு மட்டும். மேடையில் ரோமியோ அவளைத் தூரத்தில் பார்த்து, தீவட்டிக்கே எப்படி எரிவது என்று சொல்லிக்கொடுக்கிறாள் என்று வியக்க வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் நிற்கிற ஒருத்தியைப் பார்வையாளர்களுக்கு அடையாளம் காட்ட அந்த வரி தேவை. கேமராவுக்கு அந்த அவசியம் இல்லை. கண்ட கணத்தில் இருவருக்கும் பேச்சே கிடையாது. உடைகளும் பேசிவிடுகின்றன: அவளுக்குத் தேவதைச் சிறகு, அவனுக்குப் போர்வீரனின் கவசம், ஜூலியட்டுக்கு வீட்டில் பார்த்த மாப்பிள்ளை பாரிஸுக்கு விண்வெளி வீரர் உடை, டைபால்ட்டுக்குக் கொம்பு.

பால்கனிக் காட்சியில் இயக்குநர் நம்மைக் கேலி செய்கிறார். ரோமியோ மேலே வெளிச்சத்தைப் பார்த்து உருகுகிறான், ஜன்னலைத் திறப்பது தாதி. ஜூலியட் கீழே லிஃப்டில் வந்து நிற்கிறாள். அப்புறம் இருவரும் நீச்சல் குளத்துக்குள் விழுகிறார்கள். இது விளையாட்டு மட்டும் இல்லை. மேடையில் பால்கனி உயரத்தில் இருக்கிறது, கீழே காசு கொடுத்தவன் நிற்கிறான், காதல் வசனத்தையும் உரக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும். சினிமாவில் மைக் உதட்டுக்கு அருகில் இருக்கிறது. வீட்டுக் காவலாளிக்குக் கேட்டுவிடக்கூடாது என்று இருவரும் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு கிசுகிசுக்கிறார்கள். அதே வரிகள், ஆனால் இந்தச் சத்தத்தில் அவை வேறு மாதிரி. எத்தனையோ வருஷம் மேடையில் முழங்கிய வசனத்தை முணுமுணுப்பாக மாற்றியது ஒளிப்பதிவு அல்ல, ஒலிப்பதிவு.

கடிதம் போய்ச் சேராத விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜூலியட் குடித்தது செத்தது போல் மயக்கும் மருந்துதான் என்று ரோமியோவுக்குச் சொல்ல வேண்டிய கடிதம் அது. நாடகத்தில் தூது போன துறவி கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டில் அடைக்கப்படுகிறார். படத்தில் கூரியர்க்காரர் வருகிறார், ஆள் இல்லை, சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார். 1996-இல் இது ஓடியது. இன்று எடுத்தால் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் முழு நாடகமும் காலி.

இப்போது கல்லறை. நாடகத்தில் ரோமியோ ஜூலியட்டின் முகத்தைப் பார்த்து, உன் உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு போகவில்லையே, செத்த பிறகும் ஏன் இத்தனை அழகாக இருக்கிறாய் என்று கேட்கிறான். அவள் சாகவில்லை என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. உண்மையைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு அதைப் புரிந்துகொள்ளாமல் போகிறான். காட்சியின் வதையே அந்த வரியில்தான் இருக்கிறது. மேடையில் தூரத்தில் நிற்பவனுக்கு அவள் கன்னம் தெரியாது, அதனால் வரி தேவை.

கேமராவுக்கோ கன்னம் தெரியும். விரலும் தெரியும். லுர்மன் அவள் விரல் அசைவதைக் காட்டுகிறார். ரோமியோ வேறு பக்கம் பார்க்கிறான். இமை துடிக்கிறது. அவன் விஷக் குப்பியை எடுக்கிறான். அவள் கண் திறந்து சிரிக்கிறாள். அவன் குடிக்கிறான். அவள் கை அவன் கன்னத்தில் படுகிறது. ஒரு கட் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று பார்ப்பவர் பதறும்படி ஷாட்டுகள் கோத்திருக்கின்றன. வரியில் இருந்த வதையை எடிட்டிங்குக்கு மாற்ற வேண்டுமென்றால் அவள் முன்னாடியே விழித்தாக வேண்டும். கதை மாற்றம் அங்கிருந்துதான் வந்தது. இது லுர்மனின் கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாது. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் டேவிட் காரிக் என்ற நடிகர், ரோமியோ சாகும் முன் ஜூலியட் விழித்து இருவரும் பேசுவதாகவே மாற்றி நடத்தினார். காரிக்குக்குப் பேச்சு வேண்டியிருந்தது. லுர்மனுக்கு ஒரு தொடுதல் போதும். பாரிஸ் அங்கே சாவதையும் பாதிரியார் ஓடிவருவதையும் நீக்கிவிட்டார், இந்த இரண்டு பேர் இருக்கிற ஷாட்டில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. கேமரா மேலேறி மெழுகுவர்த்திகளுக்கு நடுவே கிடக்கிற இருவரையும் பார்க்கும்போது ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை வருகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. விழுந்த வெட்டில் பெரும்பகுதி ஜூலியட்டின் மேல் விழுந்திருக்கிறது. அந்த மயக்க மருந்தைக் குடிக்கும் முன் நாடகத்தில் அவள் தனியாக நின்று பயப்படுகிறாள்: கல்லறைக்குள் சீக்கிரமே விழித்துவிட்டால்? மூச்சு முட்டினால்? பக்கத்தில் டைபால்ட்டின் பிணம் கிடக்க எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டால்? அவளுடைய மிகப் பெரிய பேச்சு அது. படத்தில் அது கிட்டத்தட்டக் காணோம். ஜூலியட்டாக நடித்த கிளேர் டேன்ஸின் முகத்தைக் கேமரா விரும்பிப் பார்க்கிறது, ஆனால் யோசிக்கிற பெண்ணாக அவளைக் காட்டிய வரிகள் போய்விட்டன.

தனிமொழிதான் எந்த இயக்குநருக்கும் தலைவலி. கூத்தில் கட்டியக்காரன் சட்டென்று நம் பக்கம் திரும்பிப் பேசுவான், ராஜா காத்திருப்பார், ஒரு பிரச்சினையும் இல்லை. சினிமா நிஜம் போலவே காட்டிக்கொள்கிற கலை, அதில் தனியாகப் பேசுகிறவன் விநோதமாகத் தெரிவான். லாரன்ஸ் ஒலிவியர் 1948 ஹாம்லெட்டில் பல வரிகளை வாய்ஸ் ஓவராக வைத்தார். 1995-இல் வந்த மூன்றாம் ரிச்சர்டில் இயன் மெக்கெல்லன் அந்தப் புகழ்பெற்ற முதல் பேச்சை விருந்தில் மைக் முன்னால் தொடங்குகிறார், மிச்சத்தைக் கழிப்பறையில் சொல்லிக்கொண்டே வருகிறார். கண்ணாடியில் நம்மைக் கண்டுபிடித்து, திரும்பி நேராகக் கேமராவிடம் பேசுகிறார். ஊருக்குச் சொல்வது ஒன்று, நமக்குச் சொல்வது ஒன்று. ஒரே பேச்சை இடம் மாற்றியே இரண்டாகப் பிளந்துவிட்டார்கள்.

மலையாளத்து ஜோஜி, 2021, முதல் வழியில் போனது. வசனம் மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிட்டார்கள். திலீஷ் போத்தன் இயக்கம், ஷ்யாம் புஷ்கரன் எழுத்து. மூலம் மெக்பெத்: சூனியக்காரிகள் சொன்ன குறியும் மனைவியின் தூண்டுதலும் சேர, ராஜாவைக் கொன்று பட்டம் ஏறுகிறவனின் கதை. அதை யாரும் சொல்லாவிட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. கோட்டயம் பக்கத்து ரப்பர் தோட்டம், ஒரு பெரிய வீடு, இரும்பு மாதிரி ஓர் அப்பா. குளத்தில் மாட்டிக்கொண்ட பம்பு சாமானை யாராலும் எடுக்க முடியாதபோது அவர் இறங்கி இழுத்துவிடுகிறார், பிறகு பக்கவாதத்தில் விழுகிறார். அவருடைய பலத்தைப் பற்றி ஒருவர் வாயாலும் வர்ணிக்க வேண்டியிருக்கவில்லை. கடைசி மகனாக வரும் ஃபகத் ஃபாசிலின் ஜோஜிக்கு நீளமான தனிமொழி கிடையாது. அதற்குப் பதிலாக மேலிருந்து எடுத்த ஷாட்டுகள், வரிசை வரிசையாக ரப்பர் மரம், வெளியே போக வழியே இல்லாதது போல.

அதில் ஓர் இடம். ஜோஜியின் சதியால் அப்பா செத்துக் கிடக்கிறார், கொரோனா காலம், வீட்டில் சாவுக்கூட்டம். அண்ணி பின்சி ஜோஜியின் அறைக்கு வந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு வா என்கிறாள். சாதாரணமான பேச்சு. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதும், வெளியே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் அதற்குள் இருக்கிறது. பொய்யான நெஞ்சம் அறிந்ததைப் பொய்யான முகம் மறைக்கட்டும் என்று மெக்பெத் முதல் அங்கத்தின் கடைசியில் சொல்வான். அந்த வரி இங்கே துணியாகி மூக்கில் ஏறிவிட்டது.

விஷால் பரத்வாஜ் 2003-இல் மெக்பெத்தை இந்தியில் மக்பூலாக எடுத்தபோது மூன்று சூனியக்காரிகளை ஓம் புரியும் நசீருதீன் ஷாவும் நடித்த இரண்டு போலீஸ்காரர்களாக மாற்றினார். அவர்கள் ஜாதகம் கணிக்கிறார்கள், கணித்தது நடக்கும்படி கொஞ்சம் தள்ளியும் விடுகிறார்கள். காடு நடந்து வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை என்று மூலத்தில் இருப்பது, கடல் உன் வீடு தேடி வரும்வரை என்று மும்பைக்கு ஏற்றபடி மாறியது.

இதைப் பார்த்ததிலிருந்து எனக்குள் ஒரு வேலூர் மெக்பெத் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் காடு நடக்க வேண்டாம், கடல் வர வேண்டாம். "பாலாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடும்வரை உன்னை எவனும் அசைக்க முடியாது" என்று ஒரு குடுகுடுப்பைக்காரர் சொன்னால் போதும். மணல் லாரி வைத்துப் பெரிய ஆளானவன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். காட்பாடிக்கும் வேலூருக்கும் நடுவே பாலத்தில் போய்வருகிற யாரும் சிரிப்பார்கள், அது ஆறா மணல்வெளியா என்று தெரியாத மாதிரிதான் வருஷத்தில் பெரும்பகுதி கிடக்கும். 2021 நவம்பரில் அந்தப் பாலாறுதான் கரை புரண்டு ஓடியது.

இதை எப்படி எடுப்பது? அந்தக் குறியைத் தவிரத் தண்ணீரைப் பற்றி ஒரு வசனம்கூட வைக்கக்கூடாது. ஆற்றைப் படம் முழுக்கக் காய்ந்தே காட்ட வேண்டும், கதையில் அதற்கு ஒரு பங்கும் இல்லாதது போல: பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், லாரித் தடம், ஊற்றுக்குழி, சீமைக்கருவேலம். ஒவ்வொரு தடவை காட்டும்போதும் மணல் கொஞ்சம் குறைந்திருக்கும், பாலத்துத் தூண் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். கவனிக்கிறவர்கள் கவனிக்கட்டும். வெள்ளம் முதலில் சத்தமாக வர வேண்டும், ராத்திரியில், அவன் லாரி ஷெட்டில் கணக்குப் பார்க்கும்போது. வாசலில் லாரி நிற்கிறது என்று நினைத்து எவன்டா அது, இன்ஜினை ஆஃப் பண்ணு என்று கத்துவான். ஆஃப் ஆகாது. அவன் அள்ளிய மணல் இருந்திருந்தால் கரை நின்றிருக்கும் என்பதால், குடுகுடுப்பைக்காரர் சொன்னதை நடத்தி வைப்பவனும் அவனேதான். மூல நாடகத்தில் காட்டை வெட்டித் தூக்கி வருவது எதிரிப் படை. அதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஷேக்ஸ்பியர் மன்னிப்பாராக.

பேச்சு மட்டும் இந்த ஊர்ப் பேச்சாக இருக்க வேண்டும். பரத்வாஜ் 2006-இல் ஒதெல்லோவை ஓம்காராவாக எடுத்தபோது செய்யுளின் கனத்தை மேற்கு உத்தரப் பிரதேசத்துக் கரடுமுரடான பேச்சிலிருந்து எடுத்துக்கொண்டார். சைஃப் அலி கானின் லங்டா தியாகி வாயைத் திறந்தாலே அது தெரியும். நம் பக்கம் "இன்னா", "வந்துகினு" என்பதையெல்லாம் காமெடி நடிகர்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பேரணாம்பட்டுக்காரர் பேசும் உருதுவும் குடியாத்தம் எல்லைத் தெலுங்கும் கலந்த அந்தத் தமிழில், தூக்கம் வராத ஒரு லாரி முதலாளி, மெக்பெத்தின் மனைவியைப் போலவே தன் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிற மனைவியிடம் "இன்னாத்துக்கு இப்டி கழுவினே இருக்குற?" என்று கேட்கிற காட்சிக்கு, எந்த நடிகை கிடைப்பார் என்பதுதான் இப்போதைக்கு முடிவாகவில்லை.